பச்சை விளக்கு எரிகிறது, பிரிண்ட் மட்டும் வரவில்லை: சிஸ்டம் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

சிஸ்டம் பிரிவில் இருக்கும் சார்களுக்கும் மேடத்துக்கும் வணக்கம்.

நம் கல்லூரி அலுவலகப் பிரிண்டர் விஷயம்தான். போனில் சொல்லிப் பார்த்தேன், வாட்ஸ்அப் குழுவில் சொல்லிப் பார்த்தேன், புகார்ப் படிவமும் கொடுத்தேன். அந்தப் படிவத்தைப் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்து போட்டுத் தர வேண்டும் என்று விதி வைத்தது யார் என்று தெரிந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவேன். சரி, இனி எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமையை மறந்திருக்க மாட்டீர்கள், ஆறு தடவை போன் செய்தேன். ஆரணிப் பக்கத்திலிருந்து ஒரு மாணவனின் அப்பா வந்திருந்தார். கல்விக் கடனுக்கு, பையன் இங்கே படிக்கிறான் என்கிற போனஃபைடு சான்றிதழ் வேண்டும், நாலு மணிக்குள் கொண்டு வா என்று வங்கியில் சொல்லியிருக்கிறார்கள், மறுநாள் இரண்டாம் சனி. அவர் வந்தது பன்னிரண்டு மணிக்கு. ஐந்து நிமிட வேலை.

ஃபீஸ் கவுன்ட்டர் மேடம் அன்றைக்குப் பேரனுக்கு மொட்டை போடப் பழனிக்குப் போயிருந்தார். பணப்பெட்டி இருக்கிற அறை, அதனால் பூட்டு. ஒரு சாவி அவர் பையில், இன்னொன்று நிர்வாக அலுவலர் ஏஓ சாரிடம், ஏஓ சார் பல்கலைக்கழக மீட்டிங்கில். பிரிண்டர் பூட்டுக்கு வெளியே இருக்கிறது, அதை எங்களுக்கெல்லாம் ஷேர் செய்கிற கம்ப்யூட்டர் பூட்டுக்கு உள்ளே இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் பிளைவுட் தடுப்புக்கு அடியில் நுழைந்து போகிற ஒரு யுஎஸ்பி வயர். பிரிண்டரில் பச்சை விளக்கு எரிகிறது, ட்ரேயில் லெட்டர்ஹெட் அடுக்கியிருக்கிறது, டோனர் முந்தின வாரம்தான் மாற்றியது, என் திரையில் மட்டும் 'ஆஃப்லைன்'.

"லைட்டு எரியுதே ம்மா, அப்புறம் ஏன் வரல?" என்று அந்தப் பெரியவர் கேட்டார். உங்கள் பிரிவிலிருந்து இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. நீங்கள் சொன்னது, "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க மேடம்." எதை சார் ரீஸ்டார்ட் பண்ணுவது? பண்ண வேண்டிய கம்ப்யூட்டர் பூட்டிய அறைக்குள் அணைந்து கிடக்கிறது.

கடைசியில் பென்டிரைவையும் நாலு லெட்டர்ஹெட்டையும் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே ஜெராக்ஸ் கடைக்கு ஓடினோம். அங்கே ரெக்கார்டு நோட்டுக்குப் படம் எடுக்க வந்த பிள்ளைகள் வரிசை. கையெழுத்து வாங்கி, சீல் குத்தி அவர் கையில் கொடுத்தபோது மணி மூன்றே முக்கால். பஸ் பிடித்து வங்கிக்குப் போனபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்ததாம். திங்கள்கிழமை போன் செய்து சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தப் பிரிண்டரின் பின்பக்கம் நெட்வொர்க் கேபிள் செருகுகிற லேன் போர்ட் ஒன்று இருக்கிறது, வாங்கி வந்த நாளில் இருந்த ரப்பர் மூடி இன்னும் அதிலேயே இருக்கிறது. அதை எடுத்துவிட்டு ஒரு கேபிள் செருகி, பிரிண்டருக்கு மாறாத ஐபி, அதாவது நெட்வொர்க்கில் அதற்கான முகவரி எண், ஒன்று கொடுத்து, எங்கள் ஐந்து கம்ப்யூட்டரிலும் நேராக அந்த ஐபிக்கே சேர்த்துக் கொடுங்கள். நடுவில் யாருடைய கம்ப்யூட்டரும் வேண்டாம்.

மாறாத ஐபி என்று அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. தேர்வுப் பிரிவில் லேனில்தான் மாட்டியிருக்கிறீர்கள், ஆனால் கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் சில நாள் வேறு எண்ணைக் கொடுத்துவிடுகிறது, அவர்கள் கம்ப்யூட்டர்கள் பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கின்றன. ரவுட்டரில் அந்தப் பிரிண்டருக்கென்று ஒரு எண்ணை ஒதுக்கி வைத்தால் முடிந்தது. எண் சரியாக இருந்தும் 'ஆஃப்லைன்' என்று காட்டினால் போர்ட் அமைப்பில், பிரிண்டரின் நிலையை விசாரிக்கிற எஸ்என்எம்பி என்பதற்கான டிக்கை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது வரை எனக்கே தெரிந்துவிட்டது. சான்றிதழ் அடிக்க வேலைக்கு வந்தவள் நான்.

கவுன்ட்டர் மேடம் லீவு போடாத நாளிலும் கதை இதுதான். 90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி நீங்களே சுற்றறிக்கை விடுகிறீர்கள். அவர் மாற்றுகிறார், எங்கள் கம்ப்யூட்டர்களில் பழைய பாஸ்வேர்டுதான் சேமித்திருக்கிறது, மறுநாள் காலை யாருக்கும் பிரிண்ட் இல்லை. பூஜ்யம் எக்ஸ் என்று தொடங்கி 11பி என்று முடிகிற அந்தப் பிழை எண் இன்னொரு பக்கம். 2021 ஜூலையில் விண்டோஸில் பிரிண்ட் நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டை பெரிய செய்தியானது, அடுத்து செப்டம்பரில் வந்த அப்டேட்டுக்குப் பிறகுதான் ஷேர் செய்த பிரிண்டர்களில் ஊர் உலகமெல்லாம் இந்த எண் வர ஆரம்பித்தது. அதற்கு நீங்கள் செய்த வைத்தியம், விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கிற ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கியது. பிரிண்ட் வந்தது, உண்மை. எந்தப் பாதுகாப்புக்காக அப்டேட் வந்ததோ அதையே அணைத்துவிட்டீர்கள் என்று கம்ப்யூட்டர் துறை சார் ஒருவர் சொன்னார். 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் வைரஸ் பயன்படுத்திய ஓட்டைகளில் ஒன்றுகூட, பிரிண்டுகளை வரிசைப்படுத்தி அனுப்புகிற விண்டோஸின் இந்த பிரிண்ட் ஸ்பூலரில் இருந்ததுதானாம். அந்தக் கம்ப்யூட்டரில்தான் மொத்தக் கல்லூரியின் ஃபீஸ் கணக்கும் இருக்கிறது. நேராக ஐபிக்குப் பிரிண்ட் கொடுத்தால் இந்த ஷேரும் வேண்டாம், 11பியும் வராது, அணைத்ததைத் திரும்ப ஆன் பண்ணிவிடலாம்.

ஏஐ லேப் திறப்பு விழாவுக்கு எவ்வளவு பெரிய திரை, எத்தனை விளக்கு! ரிப்பன் வெட்டிய அன்று அழைப்பிதழின் கடைசி நூறு பிரதியை எங்கே பிரிண்ட் எடுத்தோம் என்று யாராவது கேட்டீர்களா? அதே ஜெராக்ஸ் கடை. அந்தக் கடைக்காரரையும் மேடையில் உட்கார வைத்து ஒரு சால்வை போட்டிருக்கலாம்.

மன்னிக்கவும், கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன். மூன்று பேர் எட்டு மாடி லேப்களையும் பார்த்துக்கொள்கிறீர்கள், அது எனக்குத் தெரியும். இதற்கு அரை நாள் போதும். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் டிரைவர் போட உங்கள் அட்மின் பாஸ்வேர்டு வேண்டும், அதனால்தான் நாங்களே செய்துகொள்ளாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கேபிள் செலவுதான் தடை என்றால் சொல்லுங்கள், நாங்கள் ஐந்து பேரும் போட்டு வாங்கிவிடுகிறோம். புதன்கிழமை மதியம் கவுன்ட்டரில் கூட்டம் இருக்காது, அன்றைக்கு வர முடியுமா? ஒரு கேபிள், ஒரு ஐபி, அவ்வளவுதான், தயவுசெய்து.

இப்படிக்கு,
சான்றிதழ் மேசையிலிருந்து

பி.கு.: திங்கள்கிழமை காலை மேடம் அறையைத் திறந்து கம்ப்யூட்டரை ஆன் செய்ததும், வெள்ளிக்கிழமை ஆளாளுக்குக் கொடுத்த பிரிண்டெல்லாம் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. ஒரே போனஃபைடு, 14 பிரதி, 14 லெட்டர்ஹெட். நாலாகக் கிழித்துப் பின்பக்கத்தில் டோக்கன் எண் எழுத வைத்திருக்கிறோம்.