மாலதிக்கு, ஹம்மஸ் பற்றி

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கால் வலி குறைந்தது நிம்மதி. விருந்துக்கு வரும் பதினைந்து பேரில் நாலு பேர் வீகன் (பால் பொருள்கூடத் தொடாதவர்கள்), தயிர், வெண்ணெய் இல்லாமல் தொட்டுக்கொள்ள என்ன செய்வது என்று கேட்டாயே, ஹம்மஸ் செய், கொண்டைக்கடலையும் எள்ளும் அரைத்த அரபு நாட்டு விழுது. அதிலும் சுட்ட சிவப்புக் குடமிளகாய் சேர்த்தது. ஆனால் உன் வழக்கமான அவசரத்தில் அரைவேக்காட்டுக் கடலையை மிக்ஸியில் தள்ளிவிடாதே தாயே!

கடலை வேகும் பதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 250 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறப்போடு. காலையில் புதுத் தண்ணீர் மாற்றி, அரை டீஸ்பூன் சமையல் சோடா சேர்த்து வேகவை. சோடா தோலிலிருக்கும் பெக்டினை இளக்கிவிடும். அளவு கூடினால் சோப்பு வாடை அடிக்கும். மிதக்கும் தோலையும் நுரையையும் அள்ளிப் போடு. கடலை முழுசாக நிற்கிற பதம் போதாது. ஒன்றை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் லேசாக அழுத்து. நடுவில் துளி நெருடல்கூட இல்லாமல் மசிய வேண்டும். இந்த இடத்தில் பத்து நிமிஷம் மிச்சம் பிடித்தால், அப்புறம் எத்தனை நேரம் அரைத்தாலும் நாக்கில் நறநறக்கும். வேகும்போது எலுமிச்சை கூடவே கூடாது. புளிப்பு பட்டால் கடலை இளகாது.

தோல் நீக்கிய வெள்ளை எள் 150 கிராம் எடுத்து வெறும் சட்டியில் வறு. மணம் வந்ததும் இறக்கிவிடு, சிவந்தால் கசக்கும். ஆறியதும் எண்ணெய் பிரியும்வரை அரை. மூன்று பல் பூண்டைத் தட்டி நாலு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிஷம் போட்டு வடிகட்டினால் பூண்டின் காட்டம் அடங்கும். அந்தச் சாற்றை எள் விழுதில் விட்டதும் சட்டென்று சிமென்ட் மாதிரி இறுகும். பயந்துபோய் எண்ணெயை ஊற்றாதே! ஐஸ் தண்ணீரை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டு அரைத்துக்கொண்டே இரு, இளகி வெளுத்துப் பொங்கி வரும். அப்போது வெந்த கடலையை வெதுவெதுப்பாகச் சேர்த்து அரை.

பெரிய குடமிளகாய் இரண்டைத் தோல் கருகும்வரை தீயில் சுட்டு, பத்து நிமிஷம் மூடிவைத்து உரி. குழாயில் கழுவாதே, சுட்ட மணம் போய்விடும். அரை மணி நேரம் வடிகட்டியில் வைத்தால்தான் ஹம்மஸ் நீர்க்காது. பிறகு கடலை விழுதோடு சேர்த்து அரை. வடிந்த சாறு ருசியானது, கெட்டியாகப் போனால் அதையே விட்டுக்கொள். ஒரு டீஸ்பூன் சீரகத்தூள், ஒன்றரை டீஸ்பூன் உப்பு சேர். ஃபிரிட்ஜில் வைத்தால் இறுகும் என்பதால் சற்றுத் தளரவே நிறுத்து. குளிர்ந்ததில் உப்பு மந்தமாகத் தெரியும், பரிமாறுமுன் மறுபடி ருசி பார். ஆலிவ் எண்ணெயைச் சேர்த்து அரைத்தால் சிலசமயம் கசப்பு தட்டும், மேலே ஊற்று.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. எள் ஒவ்வாமை சிலருக்கு உயிருக்கே ஆபத்து. வருகிறவர்களிடம் முன்கூட்டியே கேள். யாருக்காவது இருந்தால் எள்ளே வேண்டாம், சூரியகாந்தி விதையை அரைத்துச் சேர். கூட வைக்கும் ரொட்டியில் பாலோ வெண்ணெயோ இருக்கிறதா என்றும் பார்த்துவிடு. எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் வைக்காமல் சின்னச் சின்னதாக வெளியே எடு. இரண்டு மணி நேரம் வெளியில் இருந்தது திரும்ப ஃபிரிட்ஜுக்குப் போகக் கூடாது.

ரகு வந்தால் அவனுக்குத் தனிக் கிண்ணம். ஏன் என்று நான் எழுத வேண்டியதில்லை.

உன்
கலா