வால்ஹாலாவுக்குத் தமிழில் ஒரு வழிகாட்டி: நன்கொடை வேண்டுகோள்

அன்பு உறவுகளே, வணக்கம்.

மெல்போர்னிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் போனால், விக்டோரியா மாநிலத்தின் கிப்ஸ்லாந்து மலைகளுக்குள் வால்ஹாலா என்ற ஊர் வரும். உங்களில் பலர் போயிருப்பீர்கள். இன்று அங்கே நிலையாகக் குடியிருப்பவர்கள் இருபது பேர் அளவில்தான். ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த தங்கச் சுரங்க ஊர் அது. அந்த ஊரைப் பற்றித் தமிழில் ஒரு வழிகாட்டி நூலும், காதில் கேட்டபடியே சுற்றி வர ஓர் ஒலிப்பதிவும் தயாரிக்க, லட்ரோப் பள்ளத்தாக்கில் வாழும் சில தமிழ்க் குடும்பங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்திருக்கிறோம். அதற்காகத்தான் உங்களிடம் உதவி கேட்கிறோம்.

இந்த எண்ணம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறோம். சென்ற குளிர்காலத்தில் எங்கள் பெரியவர்களையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அங்கே போயிருந்தோம். லாங் டனல் எக்ஸ்டெண்டட் என்ற பழைய சுரங்கத்துக்குள் வழிகாட்டியோடு நடந்து போகலாம். உள்ளே போகப் போக, பாறையைக் குடைந்து கல்யாண மண்டபம் போல ஓர் அறை செய்திருக்கிறார்கள். இயந்திரங்கள் நின்ற இடம் அது. அங்கிருந்துதான் கிணறு போன்ற குழி 900 மீட்டருக்கும் மேல் கீழே இறங்குகிறது. வழிகாட்டி நன்றாகத்தான் விளக்கினார், ஆனால் ஆங்கிலத்தில். பெரியவர்கள் பின்வரிசையில் பேசாமல் நின்றார்கள்.

அவர்களில் ஓர் அம்மா, வயது 78, கோலார் தங்கவயலில் வாழ்ந்தவர். கணவரும் மாமனாரும் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். அவர் மெல்ல முன்னால் போய்ச் சுவரில் ஓடிய வெள்ளைக் கல் வரியைத் தொட்டுப் பார்த்தார். பேத்தியைக் கூப்பிட்டு, "இதுதான் ரீஃப். இதைப் புடிச்சிக்கிட்டேதான் கீழே கீழே போவாங்க. உன் தாத்தா இப்படித்தான் போனாரு" என்றார். அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. ஆட்களை இறக்கும் 'கேஜ்' என்ற கூண்டில் இறங்குவது, சங்கு ஊதுவது, பூமிக்கடியில் பாறை வெடித்து வீட்டுப் பாத்திரங்கள் அதிரும் 'ஏர் பிளாஸ்ட்', நெஞ்சில் தூசி கட்டி இருமிக்கொண்டே இருந்த ஆண்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். திரும்பும் வழியில் மோ ஊர் வரும்வரை பேருந்தில் ஒரு பிள்ளைகூடக் கைபேசியை எடுக்கவில்லை.

அன்றே முடிவு செய்தோம்.

வால்ஹாலாவின் கதை அவ்வளவு பெரியது, அவ்வளவு சோகமானதும்கூட. அந்த மலைகள் கூனைகுர்னாய் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். 1862 டிசம்பர் கடைசியில் நெட் ஸ்ட்ரிங்கரும் அவரோடு வந்தவர்களும் அங்கிருந்த ஓடையில் தங்கம் கண்டார்கள். ஸ்ட்ரிங்கர், தண்டனை பெற்று ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பப்பட்டவர். ஓடைக்கு அவர் பெயரே நிலைத்தது. மனிதர் 1863 முடிவதற்குள் இறந்துபோனார். அந்த ஆண்டே மலைக்குள் கோஹன்ஸ் ரீஃப் என்ற தங்கப்படிவும் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகள் அந்தப் படிவைப் பிடித்துக்கொண்டே தோண்டினார்கள். எக்ஸ்டெண்டட் சுரங்கம் ஒன்றிலிருந்து மட்டும் 13 டன்னுக்கு மேல் தங்கம் வந்திருக்கிறது.

பள்ளத்தாக்கு மிகக் குறுகலானது. சமதரை என்று சொல்ல ஒரு முழம் இடம் கிடைக்காது. தீயணைப்பு நிலையத்துக்கு இடமில்லாமல் ஓடையின் குறுக்கே, தண்ணீருக்கு மேலேயே கட்டினார்கள். கிரிக்கெட் விளையாட வேண்டும் என்று ஒரு மலையுச்சியையே வெட்டிச் சமன் செய்தார்கள். அதற்கு ஏறிப் போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கிவிடும். கல்லறைத் தோட்டமோ செங்குத்தான சரிவில் இருக்கிறது. அங்கே போகாமல் யாரும் திரும்பக்கூடாது என்பது எங்கள் எண்ணம். சின்னக் குழந்தைகளின் பெயர்கள் எத்தனை, நடுவயதில் போன ஆண்களின் பெயர்கள் எத்தனை என்று பார்த்தாலே அந்த ஊரின் வாழ்க்கை புரிந்துவிடும்.

சுரங்க இயந்திரங்களை ஓட்டிய கொதிகலன்களுக்கு எரிபொருள் விறகுதான். சுற்றியிருந்த மலைகளெல்லாம் மொட்டையாகும்வரை வெட்டினார்கள். பிறகு தொலைவிலிருந்து விறகு கொண்டுவர வேண்டியதாகி, செலவு ஏறிக்கொண்டே போனது. ரயில் வந்தால் ஊர் பிழைக்கும் என்று மக்கள் பல ஆண்டுகள் கேட்டுப் போராடினார்கள். ரயில் 1910இல் வந்தது. 1914இல் பெரிய சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. கடைசியில், வீடுகளைப் பலகை பலகையாகப் பிரித்து வேறு ஊர்களுக்கு ஏற்றிச் செல்லத்தான் அந்த ரயில் பயன்பட்டது. வால்ஹாலா ரயில் நிலையக் கட்டடம்கூட 1938இல் மெல்போர்னின் ஹார்ட்வெல்லுக்குப் போய்விட்டது. கிழக்குப் புறநகரில் இருப்பவர்கள் அதன் வழியாகவே தினமும் வேலைக்குப் போய் வந்திருக்கலாம்.

1944இல் வால்ஹாலா வரையிலான பாதையும் மூடப்பட்டது. பிற்காலத்தில் அந்தப் பாதையை மீட்டெடுத்தவர்கள் தன்னார்வலர்கள். 1990களில் ஆரம்பித்து, ஸ்லீப்பர் கட்டை, தண்டவாளம், மரப்பாலம் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்து, 2002இல் மீண்டும் வால்ஹாலாவுக்கு ரயிலைக் கொண்டுவந்தார்கள். ஓடையை ஒட்டிப் பாலம் பாலமாகப் போகும் அந்தச் சின்ன ரயிலில் ஏறும்போதெல்லாம், சம்பளமில்லாமல் உழைத்த அந்தக் கைகளைத்தான் நாங்கள் நினைத்துக்கொள்கிறோம்.

சரி, இதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பலகைகள் இருக்கின்றனவே, தமிழில் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். முதல் காரணம், எங்கள் பெரியவர்கள் பின்வரிசையில் நிற்கக்கூடாது. இன்னொன்றும் இருக்கிறது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்கள் விக்டோரியாவின் தங்க வயல்களுக்கும் வந்தார்கள், கோலாருக்கும் போனார்கள். கோலாரில் அவர்களோடு பூமிக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அங்கே 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்டது. வால்ஹாலா ஊருக்குப் பொது மின்கம்பி வந்தது 1998இல்தான். தங்கவயல் 2001இல் மூடப்பட்டது. அந்தத் தொழிலின் தமிழ்ச் சொற்களை வாயில் வைத்திருப்பவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. ஆகவே எங்கள் ஒலிப்பதிவை வானொலித் தமிழில் செய்யப்போவதில்லை. அந்த அம்மாவும், தங்கவயல் குடும்பத்தைச் சேர்ந்த இன்னும் இரண்டு பெரியவர்களும் தங்கள் குரலில், தங்கள் சொற்களில் சுரங்கத்தை விளக்கப்போகிறார்கள். தள்ளிப்போட முடியாத வேலை இது.

இனிப் பணக் கணக்கு. 64 பக்க வண்ண நூல் 800 படிகள் அச்சிட 5,600 டாலர். ஒலிப்பதிவுக்கும் தொகுப்புக்கும் 2,400. நடைபாதை வரைபடம் வரைய 600. பெரியவர்களையும் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளையும் இரண்டு முறை அழைத்துச் செல்லப் பேருந்து வாடகை 3,800. அவர்களுக்கான சுரங்க, ரயில் சீட்டுகளுக்கு 1,400. மொத்தம் 13,800 டாலர். இதில் 4,300 டாலரைக் குழுவிலுள்ள குடும்பங்களே போட்டுவிட்டோம். மீதி 9,500 டாலர் வேண்டும். எழுதுவது, திருத்துவது, குரல் கொடுப்பது எதற்கும் யாரும் காசு வாங்கவில்லை. நூல் இலவசம். ஒலிப்பதிவும் இலவசம், பள்ளத்தாக்கில் சிக்னலை நம்ப முடியாது என்பதால் வீட்டிலேயே இறக்கிக்கொள்ளும்படி செய்கிறோம்.

20 டாலர் கொடுத்தாலும் மகிழ்ச்சிதான், தயங்க வேண்டாம். 50 டாலர் ஒரு பெரியவரின் பயணத்தில் பெரும்பகுதியைத் தாங்கும். கொடுப்பவர் பெயர் நூலின் கடைசிப் பக்கத்தில் வரும். வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. வேலை முடிந்ததும் வரவு செலவுக் கணக்கைத் தமிழ்ப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். பணம் மிஞ்சினால் வால்ஹாலாவின் பழமையைக் காக்கும் தன்னார்வலர்களுக்கே கொடுத்துவிடுவோம்.

பணம் தர இயலாதவர்கள் வேறு வகையில் கைகொடுக்கலாம். உங்கள் வீட்டில் தங்கவயலில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களை எங்களோடு பேச வையுங்கள். பழைய படங்கள், வேலைச் சீட்டுகள், சுரங்கத்தில் புழங்கிய சொற்கள் எதுவானாலும் எங்களுக்குப் பொக்கிஷம். படங்களைப் பிரதி எடுத்துவிட்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம்.

மார்ச் கடைசிவரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தமிழ்ப் பள்ளி வாசலில் எங்கள் மேசை இருக்கும். குழு உறுப்பினர் யாரிடமும் நேரிலும் கொடுக்கலாம். முதல் பேருந்து ஏப்ரல் இரண்டாவது சனிக்கிழமை காலை 8 மணிக்குப் புறப்படுகிறது. பெரியவர்களுக்குத்தான் முதலிடம், பெயரை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சுரங்கத்துக்குள் குளிராக இருக்கும், ஒரு ஸ்வெட்டர் கொண்டுவர மறக்காதீர்கள்.

அன்புடன்,
வால்ஹாலா தமிழ் வழிகாட்டிக் குழுவினர்