உச்சிக்குப் போனா வ்யூ கிடைக்கும்னு யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

தட்டையான நாடுகள்ல இருக்குற குட்டி மலைகளைப் பத்தி உங்க சுற்றுலா இணைப்புல வந்த கட்டுரையைப் படிச்சேன், சந்தோஷமாத்தான் இருந்துச்சு. மலைன்னாலே இமயமலை, ஆல்ப்ஸ்னு தான் எல்லாரும் எழுதுறாங்க, நெதர்லாந்து, டென்மார்க், எஸ்டோனியா பக்கமெல்லாம் கால்நடையா சுத்திப் பார்க்க என்ன இருக்குன்னு யாரும் கண்டுக்கிறதே இல்ல. ஆனா கூடவே ஒரு கட்டம் போட்டிருந்தீங்க பாருங்க, நாட்டு பேரு, அங்க மிக உயரமான இடம், எத்தனை மீட்டர், அவ்ளோதான். அதை கட் பண்ணி வெச்சுக்கிட்டு கிளம்புறவங்கள்ல பாதிப்பேர் ஒரு கல்லையும் நாலு மரத்தையும் பார்த்துட்டு திரும்பி வருவாங்க. அதான் இந்த லெட்டர்.

முதல்ல நெதர்லாந்து. கட்டத்துல இருந்த வால்ஸர்பெர்க், 322 மீட்டர். (கரீபியன்ல இருக்குற சாபா தீவு 2010ல நெதர்லாந்தோட நேரடியா சேர்ந்ததுக்கு அப்புறம் 800 மீட்டருக்கு மேல இருக்குற அங்கத்த எரிமலை தான் நாட்டுலயே உயரம், அதனால 'ஐரோப்பிய நிலப்பகுதியில'ன்னு ஒரு வார்த்தை சேர்த்திருக்கணும், போகட்டும்.) நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி மூணும் சந்திக்கிற இடம், ஒரு காலத்துல மோரெஸ்நெட்னு நாலாவதா ஒரு துண்டுப் பிரதேசமும் அங்க இருந்துச்சு, 1816ல ஆரம்பிச்சு முதல் உலகப்போர் முடிஞ்சு தான் அது காணாம போச்சு. கதை எல்லாம் அருமையா இருக்கு, ஆனா உச்சியில நின்னு பார்த்தா சுத்தி மரம் மரம் மரம், வேற ஒண்ணும் தெரியாது. அதனால தானே நெதர்லாந்து பக்கம் 35 மீட்டர்ல ஒரு டவர், பெல்ஜியம் பக்கம் 50 மீட்டர்ல இன்னொரு டவர்னு கட்டி வெச்சிருக்காங்க. நீங்க பார்க்குறது மலையோட வ்யூ இல்ல, டவரோட வ்யூ. இதை எழுதாம வெறும் 322ன்னு போட்டா வாசகருக்கு என்ன பிரயோஜனம்?

சமதளத்துல கடல் மட்டத்துல இருந்து எவ்ளோ உயரம்ங்குற கணக்குக்கு பெரிசா மதிப்பே கிடையாது, பக்கத்து நிலத்துல இருந்து எவ்ளோ எழும்பி நிக்குதுங்குறது தான் விஷயம். பெல்ஜியத்தையே எடுத்துக்கோங்க. அங்க உயரமான இடம் பொட்ராஞ், 694 மீட்டர். போய் நின்னா மலையில நிக்குற மாதிரியே இருக்காது, ஏன்னா சுத்தி மைல் கணக்குல எல்லாமே கிட்டத்தட்ட அதே உயரத்துல இருக்குற சதுப்பு மேட்டுநிலம். 1923ல 6 மீட்டருக்கு ஒரு மண்மேடு போட்டு படிக்கட்டு வெச்சாங்க, எதுக்குன்னா ஏறி நின்னா 700 மீட்டர்னு சொல்லிக்கலாமே. அதே நாட்டுல பிரெஞ்சு எல்லைக்கிட்ட கெம்மல்பெர்க்னு ஒண்ணு இருக்கு, வெறும் 156 மீட்டர் தான், ஆனா ஃபிளாண்டர்ஸ் சமவெளிக்கு நடுவுல எழும்பி நிக்குறதால மரம் விலகுற பக்கத்துல நின்னா இப்ரு நகர கோபுரம் வரைக்கும் கண்ணு போகும். உங்க கட்டத்துல பொட்ராஞ் இருக்கு, கெம்மல்பெர்க் இல்ல.

இந்த மாதிரி மேட்டோட அருமை சுற்றுலா எழுதுறவங்களை விட சண்டை போட்டவங்களுக்கு நல்லா தெரிஞ்சிருந்துச்சு. முதல் உலகப்போர்ல, 1918 ஏப்ரல்ல கெம்மல்பெர்க்குக்காக நடந்த சண்டையில செத்தவங்க எத்தனையோ பேர், அதோட சரிவுல இருக்குற ஒரே கல்லறையில 5,000க்கும் மேல பிரெஞ்சு வீரர்களைப் புதைச்சிருக்காங்க. இப்ரு பக்கத்துல 'ஹில் 60'ன்னு ஒரு மேடு, அது இயற்கை மலை கூட கிடையாது, ரயில் பாதைக்கு வெட்டின மண்ணைக் கொட்டினது, அதுக்கும் அடிச்சுக்கிட்டாங்க. மேல இருக்குறவன் கீழ இருக்குறவனோட ஒவ்வொரு அசைவையும் பார்க்கலாம்ல.

கணக்கையும் சொல்லிடறேன், சிம்பிள் தான். தரையில நிக்குற ஆளுக்கு தொடுவானம் 4.6 கிலோமீட்டர் தூரத்துல இருக்கும். சுத்தி தட்டையா இருக்குற இடத்துல 25 மீட்டர் ஏறினா 18 கிலோமீட்டர். 100 மீட்டர் ஏறினா 36. நாலு மடங்கு ஏறினாத்தான் பார்வை ரெண்டு மடங்கு ஆகுது, அதனால முதல்ல ஏறுற அந்த கொஞ்ச உயரம் தான் அள்ளிக் கொடுக்குது. மலைநாட்டுல இந்தக் கணக்கு செல்லாது, எதிர்ல இன்னொரு மலை வந்து மறைச்சுடும். தட்டையான நாட்டுல தான் மறைக்க ஆளே இல்ல.

அப்புறம் இந்த 'நாட்டுலயே உயரம்' பட்டமே ஒரு நிலையில நிக்குறதில்ல சார். டென்மார்க்ல 19ம் நூற்றாண்டு நடுவாக்குல வரைக்கும் ஹிம்மெல்பியர்க் தான் உயரம்னு நினைச்சுக்கிட்டு இருந்தாங்க, 147 மீட்டர். அளந்து பார்த்து அது இல்ல எய்யர் பாவ்னெஹோய் தான்னாங்க, 1924ல அங்க ஒரு டவரும் கட்டினாங்க. 2005ல மறுபடி அளந்தா பக்கத்துலயே ஒரு பண்ணைக்குப் பின்னால இருக்குற மொல்லெஹோய் அதை விட அரை மீட்டர் கூட, 170.86ன்னு வந்துச்சு. அங்க போனா புல்லு, தரையில பதிச்ச ஒரு பழைய எந்திரக்கல், மாடு மேயற சத்தம். லிதுவேனியாவிலயும் இதே கூத்து தான், பல வருஷமா யுவோஸபீனே தான் உயரம்னு இருந்தாங்க, சரியா அளந்தப்ப பக்கத்துல இருந்த ஔக்ஷ்டோயாஸ் ஒரு மீட்டர் சொச்சம் கூட. லாட்வியாகாரங்க இன்னும் ஒரு படி மேல, எஸ்டோனியாவோட முனாமாகி மலையை (318 மீட்டர், உச்சியில 1939ல கட்டின 29 மீட்டர் டவர்) முந்தணும்னு 312 மீட்டர் மலையில ஒரு பெரிய டவரை ஆரம்பிச்சு, முடிக்காமலே விட்டு, கடைசியில 2012ல வெடி வெச்சு தகர்த்தாங்க.

பட்டத்தை இழந்த ஹிம்மெல்பியர்க் தான் இன்னிக்கும் டென்மார்க்ல கூட்டம் குமியற இடம், அது ஏன்னு யோசிச்சீங்களா? ஏரிக்கரையில இருந்து அப்படியே 100 மீட்டருக்கு மேல செங்குத்தா எழும்புது. கீழ ஏரி, அதுல படகு போகும், சுத்தி காடு. சரிவு ஏரிப்பக்கமா திறந்து கிடக்குறதால டவர்ல ஏறாமலே எல்லாம் தெரியும். வ்யூபாயிண்ட்டுங்குறது உச்சியில இல்ல, விளிம்புல இருக்கு. நெதர்லாந்துல ஆர்னெம் பக்கத்துல போஸ்பாங்க்னு ஒரு இடம், 90 மீட்டர் வந்தா பெரிசு, ஸ்காண்டிநேவியாவுல இருந்து வந்த பனிப்பாறை சுமார் ஒன்றரை லட்சம் வருஷத்துக்கு முன்னாடி மண்ணைத் தள்ளித் தள்ளி குவிச்ச மேடு. ஆகஸ்ட்ல ஹெதர் செடி பூத்து மேடு முழுக்க கத்திரிப்பூ கலர்ல கிடக்கும், அதைத் தாண்டி ஆத்துப் பள்ளத்தாக்கு. வால்ஸர்பெர்க்ல மூணுல ஒரு பங்கு உயரம் கூட இல்ல, எனக்கு ரெண்டுல ஒண்ணு தான்னா யோசிக்காம இதுக்குத்தான் போவேன்.

மனுஷன் போட்ட மேட்டையும் விட்டுடாதீங்க. வடக்கு பிரான்ஸ்ல லோஸ்-அன்-கோஹெல்ல நிலக்கரிச் சுரங்கத்துல இருந்து எடுத்துக் கொட்டின கழிவு ரெண்டு கூம்பா நிக்குது, கருகருன்னு, மேல வரைக்கும் நடைபாதை இருக்கு. அந்த சுரங்கப் பகுதியையே 2012ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துட்டாங்க. காலுக்குக் கீழ சரளைக்கல் சறுக்கும், நல்ல கிரிப் இருக்குற ஷூ வேணும்.

ஷூன்னு சொன்னதும் ஞாபகம் வருது, கட்டுரையில 'எளிதான நடை, யார் வேணா போகலாம்'னு ஒரு வரி இருந்துச்சு. ஏத்தம் கம்மி தான், ஒத்துக்கறேன். ஆனா தாழ்வான நாட்டுல எதிரி ஏத்தம் இல்ல, ஈரம். வால்ஸர்பெர்க் இருக்குற தெற்கு லிம்பர்க்ல லோயஸ்னு மெல்லிய வண்டல் மாதிரி ஒரு மண்ணு, காய்ஞ்சா ஒண்ணும் தெரியாது, மழை பெய்ஞ்சா சோப்பு தான். ரெண்டு பக்கமும் ஆள் உயரக் கரை, நடுவுல பள்ளமா ஓடுற பழைய வண்டிப்பாதைகள் இருக்கும், மழைத்தண்ணி முழுக்க அதுக்குள்ள தான் ஓடும். பொட்ராஞ் பக்கத்து சதுப்புல மரப்பலகை போட்ட பாதையில தான் நடக்கணும், பலகை நனைஞ்சா வழுக்கும், கோடையில காய்ஞ்சு கிடந்தா நேர்மாறா தீப்பிடிக்கும்னு சிவப்புக் கொடி ஏத்திடுவாங்க, கொடி இருந்தா உள்ள போகக்கூடாது. இது தெரியாம குடும்பத்தோட போயி கொடியைப் பார்த்துட்டு நிக்குறவங்க பாவம்.

வழி கண்டுபிடிக்கிறது மட்டும் நிஜமாவே ஈஸி. நெதர்லாந்து, பெல்ஜியத்துல பாதைகள் சந்திக்கிற ஒவ்வொரு முனையிலயும் ஒரு கம்பம், அதுல ஒரு நம்பர், அடுத்த நம்பர் எந்தப் பக்கம்னு அம்புக்குறி. 12, 47, 46னு ஒரு துண்டுச்சீட்டுல எழுதி பாக்கெட்ல போட்டுக்கிட்டா போன் சார்ஜ் போனாலும் கவலை இல்ல. நீளமா நடக்கணும்னா பீட்டர்பாட் இருக்கு, 1983ல திறந்தது, நெதர்லாந்தோட வடகோடி கடலோர கிராமத்துல ஆரம்பிச்சு தெற்கே மாஸ்ட்ரிக்ட்ல இருக்குற சின்ட் பீட்டர்ஸ்பெர்க் மலையில முடியுது, கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர். பல நாளா தரை தட்டையாவே வந்துட்டு கடைசிப் பகுதியில மெதுவா மேடு தட்டும் பாருங்க, அப்போ 50 மீட்டர் ஏறினாலே பெரிய விஷயமா தெரியும்.

அதனால ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த தடவை அந்தக் கட்டத்தைப் போடும்போது மீட்டர் பக்கத்துல இன்னும் மூணு தகவல் சேருங்க. சுத்தியுள்ள நிலத்துல இருந்து எவ்ளோ எழும்புது, மரம் விலகி எந்தத் திசையில திறக்குது, டவர் இருந்தா அது திறந்திருக்குற மாசம். திசை ரொம்ப முக்கியம், மேற்கே திறக்குற இடத்துக்கு காலையிலயும் கிழக்கே திறக்குற இடத்துக்கு சாயங்காலமும் போனாத்தான் வெயில் முதுகுப்பக்கம் இருக்கும், இல்லன்னா கண்ணு கூசி ஒண்ணும் தெரியாது. மழை பெய்ஞ்சு விட்ட மறுநாள் பெஸ்ட், கோடை மத்தியானம் வேஸ்ட், புகை மூட்டமா தான் இருக்கும். காடு மூடின மேடுன்னா இலை உதிர்ந்த மாசத்துல போகச் சொல்லுங்க. இடம் பத்தலன்னா கட்டுரையில போட்டிருந்த அந்த செல்ஃபி போட்டோவை எடுத்துட்டு இதைப் போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்க சுற்றுலா பக்கத்தை விடாம படிக்கிற ஒரு வாசகர்