டைம் ஆபீஸ் ஸ்டூல்

கோவை,
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி போன மாதத்துக்குப் பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஏற மாட்டேன் என்கிறாள். கொல்லையில் தென்னை இந்த வருஷமும் குரும்பையாகவே கொட்டுகிறது. சித்தப்பா சொன்னார் என்று உப்புக்கூட வைத்துப் பார்த்தாயிற்று.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் என்றைக்குப் பேசினேன்? 'சாப்பிட்டியா, பாப்பா பள்ளிக்கூடம் போச்சா' என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அதுவும் இந்த மூன்று ஞாயிறாக இல்லை. மருமகளைக் கேட்டால் ஆடிட் நடக்குதுங்க மாமா, வீட்டுக்கு வரவே ராத்திரி ஒரு மணி ஆகுது என்கிறாள். சரி, நடக்கட்டும். ஆடிட் என்றால் அப்படித்தான்.

பரணில் பழைய சங்க லெட்டர்பேடு ஒரு கட்டு கிடந்தது. அதன் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன். முன்பக்கத்தைப் பார்க்க வேண்டாம்.

ராய்ப்பூர் பக்கம் நல்ல மழை என்று டிவியில் சொன்னார்கள். மழை நாளில் ஸ்கிராப் யார்டைப் பார்த்துக்கொள் கண்ணு. நனைந்த ஸ்கிராப் அப்படியே ஃபர்னஸுக்குள் போய்விடக் கூடாது. நசுங்கின டப்பா, மூடின குழாய், உள்ளே தண்ணீர் தேங்கினது எதுவும் போகக் கூடாது. உருக்கின மெட்டலைப் பிடித்து ஊற்றுகிற லேடில் நன்றாகக் காய்ந்ததா என்று பார். உனக்குத் தெரியாததா, நீ படித்தவன். நான் ஒன்பதாம் கிளாஸோடு, இரும்பு உருக்குகிற குபோலா உலைக்குக் கோக் கரி சுமக்கப் போனவன். ஆனாலும் சொல்கிறேன். மெட்டலுக்கு மேலே விழுகிற தண்ணீர் சீறிவிட்டுப் போய்விடும். அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர்தான் ஆளைத் தூக்கும். ஆவியானால் அது 1,600 மடங்குக்கு மேல் பெருகுகிறது, போக வழி கிடைக்காவிட்டால் மெட்டலையே வாரி வீசிவிடும். புதுசாக மண் பூசின லேடிலுக்கு நாங்கள் விறகு போட்டு மூட்டம் வைப்போம். மேலே பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். ஒரு சில்லென்ற இரும்புத் தகட்டை லேடில் வாய்க்கு மேலே பிடிக்க வேண்டும். தகடு வேர்த்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். வேர்க்காத வரைக்கும் ஊற்றக் கூடாது, முதலாளியே வந்து நின்றாலும் சரி.

நீ மெல்டிங் ஷாப்புக்கே பெரிய அதிகாரி ஆன செய்தியைச் சங்க ஆபீஸில் போய்ச் சொன்னேன். ஒருத்தரும் டீ வாங்கித் தரவில்லை. 'அதிகாரியைப் பெத்தவன் நீதான் வாங்கணும்' என்றார்கள். எட்டு டீ, நான்கு வடை. சந்தோஷமாகத்தான் வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் ஒருத்தர் கேட்டார், 'அங்க சங்கம் இருக்குதா?' என்று. உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். உன்னைக் கேட்கவே இல்லை.

பக்கத்து வீட்டுப் பையன் போன வாரம் போனில் ஒரு செய்தி காட்டினான். நாலு வரிதான். ராய்ப்பூர் பக்கத்து உருக்காலை ஒன்றில் மெட்டல் தெறித்து ஒப்பந்தத் தொழிலாளர் மூன்று பேருக்குக் காயம் என்று போட்டிருந்தது. ஆலைப் பெயர் இல்லை. அந்தப் பக்கம் எத்தனையோ ஆலை. அதைக் கேட்பதற்காக நான் எழுதவில்லை. லேடிலைப் பார்த்துக்கொள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ அந்த ஊருக்குப் போகிறேன் என்ற அன்றைக்கு அம்மா அழுதாள். நான் நியோகி இருந்த சீமைக்குப் போகிறான் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை. சங்கர் குஹா நியோகி. தல்லி ராஜ்ஹராவில், பிலாய் உருக்காலைக்கு இரும்புக்கல் வெட்டின சுரங்கத்தில், ஒப்பந்தக் கூலிகளைச் சேர்த்துச் சங்கம் நடத்தினவர். கம்பெனி ரோலில் பேர் இருக்கிற நிரந்தரத் தொழிலாளிக்குத்தான் சங்கம் என்று எங்களை மாதிரி ஆட்கள் நினைத்திருந்த காலம் அது. அந்தக் கூலிகளே காசு போட்டு, உடம்பால் உழைத்து ஓர் ஆஸ்பத்திரி கட்டினார்கள். 1983-இல் திறந்தது, ஷஹீத் ஆஸ்பத்திரி என்று பேர். லீவு கிடைத்தால் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒருதரம் போய்ப் பார். 1991 செப்டம்பர் 28, பிலாயில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மனிதரை ஜன்னல் வழியாகச் சுட்டுக் கொன்றார்கள். இங்கே நம் பவுண்டரி கேட்டில் இரங்கல் கூட்டம் போட்டோம். நான்தான் பேசினேன். 'நிரந்தரம், ஒப்பந்தம் என்று தொழிலாளிக்கு நடுவில் போட்ட கோட்டை அழிப்போம்' என்றேன். நல்ல கைதட்டல். உனக்கு ஏழு வயசு, சைக்கிள் பார் மேல் உட்கார்ந்து நீயும் தட்டினாய். ஜனவரி 8 என்றால், தூக்கில் போடப்பட்ட மில் தொழிலாளிகள், சின்னியம்பாளையம் தியாகிகளுக்கு மாலை போட உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவேனே, அந்த நாட்கள். உன்னை அப்படித்தான் வளர்த்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

அப்படி வளர்ந்த பிள்ளையின் ஷாப்பில் ஒப்பந்த ஆட்களுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் என்று மருமகள் வாய் தவறிச் சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. 2023-இல் இங்கே ஃபேக்டரிகளில் 12 மணி நேர வேலைக்கு வழி விடுகிற மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள். இந்த இருமலோடு நானும் போய்க் கத்திவிட்டு வந்தேன். மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஃபர்னஸ் முன்னால் நிற்கிறவனுக்குக் கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. ஒன்பதாவது மணி நேரத்தில் எவனும் தகடு பிடித்துப் பார்க்க மாட்டான். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளமாவது தருகிறார்களா? நீ ஏதாவது செய்ய முடியுமானால் செய். முடியாதென்றால் சரி, உனக்கு மேலேயும் ஆட்கள் இருப்பார்கள். ஆனால் எதையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. விசாரணை, ரிப்போர்ட் என்று ஏதாவது வந்தால் ஒன்றுக்கு இரண்டு தடவை படி. எப்போது நடந்தது, யார் ஊற்றச் சொன்னது, அவன் காலில் என்ன போட்டிருந்தான், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் போடாதே தம்பி.

29 தொழிலாளர் சட்டங்களைச் சுருக்கி 4 ஆக்கினது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதாம். எந்த சட்டம் எங்கே போனது என்று சங்கத்தில் இன்னும் வகுப்பு நடக்கிறது. எனக்கு மண்டையில் ஏறவில்லை. பழையதில் இரண்டு விஷயம் மட்டும் மனப்பாடமாகத் தெரியும். தெரிந்ததை எதற்குப் பயன்படுத்தினேன் என்பதைத்தான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது. இதற்காகத்தான் உட்கார்ந்தேனோ என்னவோ.

அரூர் பையனை உனக்கு ஞாபகம் இருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போகக் காசில்லாமல் நம் வீட்டில் சாப்பிட்டானே, அம்மா உன் நீலச் சட்டையை எடுத்துக் கொடுத்தாளே, அவன். அவனுக்குக் கால் வெந்ததும் உனக்குத் தெரியும். பூட்ஸ் போடாமல் விளையாட்டாக நின்றான் என்று வீட்டில் சொன்னேன். அது பொய்.

2002. நீ பி.இ. சேர்ந்த வருஷம். ஆயுத பூஜை லீவு முடிந்து திறந்த முதல் நாள், ராத்திரியெல்லாம் மழை, ஷெட் ஒழுகியிருந்தது. லேடிலுக்கு முந்தின நாள்தான் மண் பூசியிருந்தார்கள். டிஸ்பாட்ச் அவசரம் என்று பத்து மணிக்குள் மூன்று தடவை ஆள் வந்துவிட்டது. ஷிஃப்ட் மேஸ்திரி நான். தகடு பிடித்துப் பார்க்கவில்லை. 'பிடிங்கடா' என்று நான்தான் சொன்னேன். சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை, யாரோ ஈரத்துணியை உதறின மாதிரி. மெட்டல் தெறித்து அவன் இடது பாதத்தில் விழுந்தது. ரப்பர் செருப்போடு நின்றிருந்தான். ஒப்பந்தக்காரன் அவர்களுக்கு பூட்ஸ் கொடுத்ததே இல்லை. சங்கக் கமிட்டி மெம்பர் நான், ஒருநாளும் கேட்டதும் இல்லை.

அடிபட்டவன் 48 மணி நேரம் வேலைக்கு வராமல் இருந்தால் ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்கு எழுதியாக வேண்டும். அது அன்றைய சட்டம். வந்துவிட்டால்? மறுநாள் காலையில் அவனை என் டிவிஎஸ் ஃபிஃப்டியில் பின்னால் உட்கார வைத்து அழைத்துக்கொண்டு வந்தேன். டைம் ஆபீஸில் ஒரு ஸ்டூல் போட்டார்கள். கார்டு பஞ்ச் பண்ணிவிட்டு எட்டு மணி நேரம் அதில் உட்கார்ந்திருப்பான். கட்டுக்கு மேலே பாலித்தீன் பை, அது நழுவாமல் ரப்பர் பேண்டு. காலைத் தொங்கப் போட்டால் வலிக்கிறது என்று எதிரே பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து அதன் மேல் வைத்திருப்பான். நான் தாண்டிப் போகும்போதெல்லாம் 'வணக்கங்கண்ணா' என்பான். பதினோரு நாள்.

அப்புறம் ஒரு காகிதம் வந்தது. பூட்ஸ் கொடுத்தும் வேண்டுமென்றே போட மறுத்தான் என்று எழுதியிருந்தது. அப்படி ஆகிவிட்டால், உயிர் போகாத, முழு முடமாகாத காயத்துக்கு முதலாளி நஷ்டஈடு தர வேண்டாம் என்று 1923-ஆம் வருஷ நஷ்டஈட்டுச் சட்டத்தில் அப்போது ஒரு வழி இருந்தது. அவனுக்கு ஈஎஸ்ஐ கார்டும் கிடையாது. சாட்சி என்று போட்ட இடத்தில் என் கையெழுத்து. படித்துப் பார்த்துத்தான் போட்டேன், இரண்டு தடவை படித்தேன். தீபாவளிக்கு முன்னால் 12(3) ஒப்பந்தம், லேபர் ஆபீசர் முன்னிலையில் சங்கமும் முதலாளியும் போடுகிறது, முடிந்தது. எங்கள் 140 பேருக்கும் சம்பள உயர்வு, போனஸ் 20 சதவீதம். கமிட்டிக்கு மாலை போட்டார்கள், நீ பார்த்தாய். உன் முதல் வருஷ ஃபீஸுக்கு ஆபீஸில் லோன் கொடுத்தார்களே, அதுவும் அந்த வாரம்தான்.

உன்னைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. உனக்கு ஒன்றும் தெரியாது, பதினெட்டு வயசுப் பையன். ஃபீஸ் கட்டினது நான்.

இரண்டு மூன்று வருஷம் கழித்துக் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். கொய்யாப்பழக் கூடையோடு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். இடது செருப்பில் முன்பக்க வாரை வெட்டி எடுத்துவிட்டு, துணியால் காலோடு கட்டியிருந்தான். விரல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துபோன பாதம் அந்த வாருக்குள் நுழையாது. நான் உட்கார்ந்திருந்த பஸ்ஸுக்கும் வந்தான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கூப்பிட்டிருந்தால் 'வணக்கங்கண்ணா' என்றுதான் சொல்லியிருப்பான். அதற்குப் பிறகு கண்ணில் படவில்லை. போன வருஷம் ஒருநாள் அரூர் வரைக்கும் பஸ் ஏறிப் போனேன், அம்மாவிடம் கல்யாணம் என்று சொல்லிவிட்டு. ஊர்ப்பேரை வைத்து ஆளைத் தேட முடியுமா? அவன் பேரே எனக்குச் சரியாகத் தெரியாது. ஒப்பந்தக்காரன் நோட்டிலும் அரூர் என்றுதான் எழுதியிருந்தது.

அம்மாவுக்கு இது தெரியாது. தெரியுமோ என்று சில நேரம் தோன்றும்.

பருப்புப்பொடியும் முறுக்கும் கூரியரில் போட்டிருக்கிறாள். மழைக்கு நமுத்துவிடும், வந்ததும் டப்பாவில் மாற்றி வைக்கச் சொல். பாப்பாவுக்கு ஒரு பாவாடை இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு. லேடிலைப் பார்த்துக்கொள்.

அந்த மூன்று பேரும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்களா, இல்லை தினமும் வேலைக்கு வருகிறார்களா? எழுத்தில் பதில் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. அம்மாதான் எடுப்பாள், பேசிவிட்டு அப்பாவிடம் கொடு என்று சொல். நான் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறேன்.

அப்பா