விடுமுறைக்கு ஒரு சரித்திர நாவல்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

ஆண்டிறுதி விடுமுறைக்கு முன் ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் பள்ளி நூலகத்திலிருந்து ஆளுக்கொரு சரித்திர நாவல் எடுத்துப் போகலாம். கட்டாயம் இல்லை, தேர்வும் இல்லை. ஆனால் எந்த நாவலில் தொடங்குவது என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

பலரும் நேராகப் 'பொன்னியின் செல்வ'னுக்குத்தான் போகிறீர்கள். படம் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையோரம் வந்தியத்தேவன் குதிரையில் வரும் முதல் அத்தியாயம் யாரையும் உள்ளே இழுத்துவிடும். ஆனால் மொத்தம் ஐந்து பாகங்கள். யார் யாருக்குச் சித்தப்பா, யார் எந்தக் கட்சி என்று புரியாமல் பதினொரு வயதுப் பிள்ளை இரண்டாம் பாகத்தில் நின்றுவிட்டால், அப்புறம் கல்கி பக்கமே திரும்பாது.

அதனால் முதலில் 'பார்த்திபன் கனவு'. அதே கல்கி 1941-இல் தொடராக எழுதத் தொடங்கியது. ஒரே புத்தகமாகக் கிடைக்கிறது, பாத்திரங்களும் குறைவு. பல்லவருக்குக் கப்பம் கட்ட மறுத்த சோழ அரசன் பார்த்திபன் போர்க்களத்தில் விழுகிறான். அவன் மகன் விக்கிரமன் கடல் கடந்து செண்பகத் தீவுக்கு அனுப்பப்படுகிறான், பிறகு இரத்தின வியாபாரி வேடத்தில் திரும்பி வருகிறான். நடுநடுவே ஒரு சிவனடியார் வந்து போவார். அவர் யாரென்று தயவுசெய்து முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்! பாதிக் கதையிலேயே கண்டுபிடித்துவிட்டு என் அறைக் கதவைத் தட்டும் பிள்ளைகள் உண்டு. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம்.

பத்திரிகைத் தொடராக எழுதியது என்பதால் அத்தியாயங்கள் சிறியவை. அடுத்த இதழ் வரை வாசகரைக் காக்க வைக்க வேண்டுமே, அதனால் பல அத்தியாயங்கள் சரியான இடத்தில் அறுந்து நிற்கும். இரவு உணவுக்குப் பின் ஒன்று வாசித்தால் போதும், மறுநாள் பிள்ளையே புத்தகத்தைத் தேடும். பழைய சொற்கள் வரும்போதெல்லாம் அகராதியை எடுக்க வேண்டாம். கதை ஓடினால் பொருள் தானாகப் பிடிபடும். 'நான் தேசியப் பள்ளியில் படித்தவன், தமிழ் வாசிக்க வராது' என்று சொல்லும் அப்பாக்களுக்கு: பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

இதை முடித்துவிட்டு இன்னொன்று கேட்டால் தாராளமாகப் 'பொன்னியின் செல்வன்' கொடுங்கள். 'சிவகாமியின் சபதம்' இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்று, இரண்டு வரை காத்திருக்கலாம். மதயானை மேல் பரஞ்சோதி வேலெறியும் தொடக்கம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் முடிவின் சோகம் பெரியவர்களுக்கே கனமானது.

சாண்டில்யனின் 'கடல் புறா' பற்றியும் சிலர் கேட்டீர்கள். கதை கடாரத்துக்கு, அதாவது நம் பக்கத்துக் கெடாவுக்கே வருகிறது என்பது உண்மைதான். ஆனாலும் அதிலுள்ள காதல் வர்ணனைகள் இந்த வயதுக்கு இல்லை. அதை எங்கள் நூலகத்தில் வைக்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: நாவல் வேறு, வரலாறு வேறு. 'பொன்னியின் செல்வ'னில் வரும் அருள்மொழிவர்மன் நிஜம், அவர்தான் 985-இல் அரியணை ஏறிய முதலாம் இராஜராஜன். நந்தினி கல்கியின் கற்பனை. சதிகாரன் ரவிதாஸனையும் கற்பனை என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்தப் பெயரோ, இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலையைப் பற்றிப் பேசும் உடையார்குடிக் கல்வெட்டிலேயே இருக்கிறது.

இராஜராஜனின் மகன் இராஜேந்திரன் 1025-ஆம் ஆண்டு வாக்கில் கடாரத்தின் மேல் கப்பற்படை அனுப்பினான். 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்று கல்வெட்டில் அவன் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தி சொல்கிறது. பினாங்குப் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம். பக்கத்திலேயே புக்கிட் பத்து பகாட் சண்டியின் (பழங்காலக் கோவிலின்) கல் அடித்தளத்தை ஏறிப் பார்க்கலாம். புத்தகத்தை முடித்த பிள்ளைகளைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் துணையோடு பள்ளி திறந்ததும் அங்கே அழைத்துப் போகிறோம். பேருந்தில் இடம் இருந்தால் பெற்றோரும் வரலாம்.

இத்துடன் உள்ள இரவல் படிவத்தில் கையொப்பமிட்டு வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். 'பார்த்திபன் கனவு' பிரதிகள் எல்லாருக்கும் போதாது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருவரும் இதே வகுப்புகளில் இருந்தால் வீட்டுக்கு ஒன்றாக வாங்கிக்கொள்ளுங்கள். கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாகிவிட்டதால் இணையத்திலும் இலவசமாக வாசிக்கலாம். ஆனால் கைப்பேசியில் வாசிப்பதாகச் சொல்லும் பிள்ளை உண்மையில் எதைப் பார்க்கிறது என்று அவ்வப்போது எட்டிப் பாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்