அப்பாவின் ரோமர் மணிக்கூட்டைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடாதே

திருகோணமலை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை நிரந்தரமான செய்தியை வீட்டில் எல்லாருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இவள் உடனே கோணேசருக்கு ஓர் அர்ச்சனை என்று சொல்லிவிட்டாள், வெள்ளிக்கிழமை மலைக்குப் போகிறோம். என் முழங்கால் முன்னைவிடப் பரவாயில்லை. கச்சான் காற்றும் தொடங்கிவிட்டது, வீடெல்லாம் புழுதி. சரி, மற்றக் கதைகளைப் பிறகு பார்ப்போம். கடிதத்தின் அடியில் உன் அப்பாவின் மணிக்கூட்டைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தாயே, அதை வாசித்ததிலிருந்து வேறொன்றிலும் மனம் போகவில்லை.

அந்த ரோமரை நான் மறக்கவில்லை. அப்பா தினமும் ரேடியோச் செய்தியோடு நேரம் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சாவி கொடுப்பார். 1996 இல் அரசாங்கம் நேரத்தை மாற்றியபோது நாடு முழுக்கப் புது நேரம், பழைய நேரம் என்று குழம்பிக் கிடந்தது. அப்பா மட்டும் ரோமரைப் பழைய நேரத்திலேயே வைத்திருந்தார். 2006 சித்திரையில் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பியபோது அவர் மணிக்கூட்டைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. அதைப் பிரித்து உள்ளே பற்றரி மிஷின் வைக்கலாம் என்று கடையில் சொன்னார்களாம். தயவுசெய்து சம்மதிக்காதே. ஒழுங்காக ஓடிய மணிக்கூடு திடீரென்று நாளுக்கு இருபது நிமிடம் முந்தினால் அதற்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அநேகமாக ஹெயார் ஸ்பிரிங்கில், அதாவது உள்ளே இருக்கிற மயிரிழை போன்ற சுருள் கம்பியில், ஏதோ நடந்திருக்கிறது.

கந்தோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் பழகிக்கொண்டிருப்பது அந்த ஸ்பிரிங்கைத்தான். முன்பு சும்மா மூடியைத் திறந்து பார்ப்பதும் எண்ணெய் போடுவதுமாக இருந்தேன். இப்போது காலை வெயில் கிழக்கு ஜன்னலால் மேசைக்கு வந்ததும் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கண்ணில் லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். காற்று அடித்தால் ஸ்பிரிங் பறந்துவிடும். அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் நூறில் மூன்று பங்கு அளவுதான், தலைமயிரைவிட மெல்லியது.

பேலன்ஸ் சக்கரம் இரண்டு பக்கமும் ஆடுகிறதே, அதைத் திரும்பத் திரும்ப நடுவுக்கு இழுத்துக்கொண்டு வருவது இந்தச் சுருள்தான். அந்தக் காலத்துக் கைமணிக்கூடுகள் பெரும்பாலும் மணிக்கு 18,000 தடவை துடிக்கும். ஒரு நாளைக்கு 4,32,000. ஸ்பிரிங்கின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப மாறும். அதனால் துரு பிடித்துத் தடிப்பு நூறில் ஒரு பங்கு குறைந்தால்கூட மணிக்கூடு நாளுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் பிந்திவிடும். எங்கள் உப்புக்காற்றில் பழைய உருக்கு ஸ்பிரிங்குகள் என்ன பாடு படும் என்று யோசித்துப் பார். வெப்பமும் அப்படித்தான். சாதாரண உருக்கு ஸ்பிரிங்கும் பித்தளைச் சக்கரமும் உள்ள மணிக்கூடு ஒரு பாகை சூடு ஏறினால் நாளுக்குச் சுமார் 11 விநாடி பிந்தும். சூட்டுக்கு விறைப்பு மாறாத நிக்கல் உருக்குக் கலவையைக் கண்டுபிடித்தவர் சார்ல்ஸ் எடுவார்ட் கியோம். நிக்கல் கலவைகளில் அவர் செய்த வேலைக்காக 1920 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசே கொடுத்தார்கள். அது கொடுக்க வேண்டிய பரிசுதான் என்பது என் எண்ணம்.

கோணிப்போன ஸ்பிரிங்கை நேராக்குவதைப் பற்றித்தான் உனக்கு விரிவாக எழுத ஆசை. பஸ் நிலையப் பக்கம் மணிக்கூடு திருத்தும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கழித்துப்போட்ட பழைய சக்கரங்களை ஸ்பிரிங்கோடு எனக்குத் தருவார், அவற்றில்தான் பழகுகிறேன். மேலிருந்து பார்த்தால் சுற்றுகளுக்கு இடையிலுள்ள வெளி உள்ளேயிருந்து வெளியே வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். கோணிய ஸ்பிரிங்கில் ஒரு பக்கம் சுற்றுகள் நெருங்கி, மறுபக்கம் அகன்று நிற்கும். நெருக்கம் தெரிகிற இடத்துக்குத்தான் கண்ணும் கையும் போகும். ஆனால் பிழை பிறந்தது அங்கே இல்லை. நடுவிலிருந்து புறப்பட்டு, சுற்றுச் சுற்றாக இடைவெளியைப் பின்தொடர்ந்து வர வேண்டும். எந்தப் புள்ளியில் அது முதன்முதலாக மாறுகிறதோ, வளைவு அந்தப் புள்ளியில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் நல்ல கம்பி, தப்பான திசையில் போகிறது, அவ்வளவுதான். நல்ல கம்பியை வளைத்துச் சரிக்கட்டப் போனால் ஒரு பிழை இரண்டாகும், இரண்டு நாலாகும். டச்பே கரையில் வலைச் சிக்கெடுக்கிறவர்களைப் பார்த்திருப்பாய். இறுகிக் கிடக்கும் இடத்தை இழுக்கமாட்டார்கள், சிக்கு எங்கே தொடங்கியது என்றுதான் தேடுவார்கள். இதுவும் அதே வேலைதான்.

இடம் தெரிந்துவிட்டால் மிச்சம் கொஞ்சம்தான். கூர்நுனிச் சாமணம் இரண்டு வேண்டும். ஒன்றால் அந்தப் புள்ளிக்கு உட்பக்கமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றதால் வெளிப்பக்கத்தை எதிர்த்திசையில் மெல்லத் தள்ள வேண்டும். தள்ளிவிட்டு, கையை எடுத்து, கம்பி தானாக எங்கே வந்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும். சாமணத்தைக் கம்பியின் மேல் வழுக்கவே விடக்கூடாது. சில சமயம் சுருள் தட்டையாகக் கிடக்காமல் மேலெழும்பியும் நிற்கும். அதைக் கண் மட்டத்தில் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு கோணலும் கலந்த ஸ்பிரிங் வந்தால் அன்று முழுக்க நான் சாமணத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருப்பதும் உண்டு. அந்த நேரம்தான் மச்சான் எனக்கு இதில் மிகப் பிடித்த நேரம். பார்த்துக்கொண்டே இருக்க, குழப்பமாகக் கிடந்தது ஒரே ஒரு வளைவாகக் குறுகி வரும்.

டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் இந்தச் சுருள் ஸ்பிரிங்கை வெளியிட்டது 1675 இல். தானே முதலில் கண்டதாக இங்கிலாந்து விஞ்ஞானி ரொபர்ட் ஹூக் சண்டை பிடித்தார். யார் முதலோ, அதற்குப் பிறகுதான் சட்டைப்பை மணிக்கூட்டை நம்பி நிமிடம் சொல்ல முடிந்தது. 1795 அளவில் மணிக்கூடு செய்கிற பிரேகே கடைசிச் சுற்றை மேலே தூக்கி உள்ளே வளைத்துவிட்டார், சுருள் எல்லாப் பக்கமும் ஒரே சீராக விரிந்து சுருங்கட்டும் என்று. கப்பல்களில் வைத்திருந்த குரோனோமீற்றர்களில் அது உருளை வடிவச் சுருள். அந்தக் காலத்தில் நடுக்கடலில் கிழக்கு மேற்காக எங்கே நிற்கிறோம் என்று அறிய அந்த மணிக்கூடுதான் துணை. எங்கள் பக்கத்துக் கடலில் அது நாலு விநாடி பிழைத்தால் கப்பல் ஏறக்குறைய ஒரு கடல்மைல் தள்ளி நிற்பதாகக் கணக்கு வரும். வெள்ளைக்காரன் 1957 வரை கடற்படைத் தளமாக வைத்திருந்த எங்கள் துறைமுகத்துக்குள் இப்படி எத்தனை சுருள்கள் வந்து போயிருக்கும்! இப்போது மாலையில் கடற்கரைக்கு நடக்கப் போனால் எனக்கு அந்த நினைவுதான்.

இனி உன் ரோமர். அதை அண்மையில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலோ, காந்த மூடி உள்ள போன் உறையின் மேலோ வைத்தாயா? ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும். ஒட்டினால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி, மணிக்கூடு பறக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் சின்னத் திசைகாட்டி ஒன்றை எடுத்து மணிக்கூட்டை அதன் பக்கத்தில் மெல்லக் கொண்டு போ. ஊசி நன்றாகத் துள்ளினால் காந்தம்தான். அப்படியானால் பிரிக்கவே தேவையில்லை, என்னிடம் காந்தம் நீக்கும் சின்னப் பெட்டி இருக்கிறது, ஒரு நிமிட வேலை. ஊசி அசையாவிட்டால் எண்ணெய் கசிந்து சுற்றுகள் ஒட்டியிருக்கலாம். அதற்கு லைட்டருக்கு ஊற்றும் பெற்றோலில் கழுவி உலர்த்தினால் போதும். கீழே விழுந்ததா என்பதையும் வீட்டில் கேட்டுப் பார். அடி பட்டால் வெளிச்சுற்றை அணைத்து நிற்கும் இரண்டு ஊசிகளுக்கிடையே உள்ளே இருக்கிற சுற்றும் பாய்ந்து மாட்டிக்கொள்ளும். அதையும் எடுத்துவிடலாம். அப்பாவின் மணிக்கூட்டில் கை வைப்பதற்கு முன் அந்தப் பெரியவரையும் பக்கத்தில் இருத்திக்கொள்வேன், நீ பயப்படாதே.

தபாலில் அனுப்ப வேண்டாம். அடுத்த மாதம் வருவதாக எழுதியிருக்கிறாய், அப்போது துணியில் சுற்றி உன் கையோடு கொண்டு வா. பெட்டியில் போனோடு சேர்த்து வைத்துவிடாதே. அதுவரை சாவி கொடுக்காமல் விட்டு வை. நீ கேட்ட கருவாட்டுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். வவுனியாவில் பஸ் ஏறியதும் ஒரு கோல் எடு, நிலையத்துக்கு வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
உன் கூட்டாளி