ஜில்லா போர்டு கட்டடத் திருப்பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

முன்னாள் மாணவர் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் பள்ளியின் பழைய கட்டடத் திருப்பணி 2024 மே மாதம் தொடங்கி 2025 ஜூன் கடைசியில் முடிந்தது. ஆறு மாதத்தில் முடிப்போம் என்று பொதுக்குழுவில் சொன்னோம். பதினான்கு மாதம் ஆனது. 16,80,000 ரூபாய் ஆகும் என்றோம், 21,35,000 ஆகிவிட்டது. வரவு 22,10,000. கையிருப்பு 75,000. கணக்கு இவ்வளவுதான். இந்தக் கூடுதல் 4,55,000 ஏன் என்று கேட்டு உறுப்பினர்கள் எழுதிய கடிதங்கள் என் மேசையில் இருக்கின்றன. அவற்றில் இரண்டு கடிதங்களைப் படித்துவிட்டு இரவு தூங்க முடியவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுதாமல் எல்லோருக்குமாகச் சேர்த்துக் குழுவின் சார்பில் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்தக் கட்டடத்தை ஏன் எடுத்தோம் என்பது. பள்ளி வாசலில் அலங்கார வளைவு கட்டலாம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். பேருந்தில் போகிறவர்கள் கண்ணிலும் படும், செலவும் குறைவு. ஆனால் 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுவதும் பள்ளிகளில் உள்ள பழைய கட்டடங்களைச் சோதித்து, ஆபத்தானவற்றை இடிக்க உத்தரவு வந்தது. நம் கட்டடமும் அந்தப் பட்டியலில் ஏறியது. அதைக் குறை சொல்ல மாட்டோம். பிள்ளைகள் உயிரைவிடக் கட்டடம் பெரிதில்லை. பொதுப்பணித் துறைப் பொறியாளர் வந்து பார்த்து, சுவரும் அடித்தளமும் உறுதியாக இருக்கின்றன, கூரையைப் பழுதுபார்த்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தார். பழுதுபார்க்கப் பணம் யார் தருவது என்பதுதான் மிச்சம் இருந்த கேள்வி. நாம் யாரும் முன்வராமல் இருந்திருந்தால் அடுத்த ஆண்டு அங்கே வெறும் மண்தான் இருந்திருக்கும். வளைவை எப்போது வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம்.

அந்தக் காலத்து மாவட்ட வாரியமான ஜில்லா போர்டின் ஹைஸ்கூலாக இருந்தபோது 11ஆம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்களும், 1978இல் பிளஸ் டூ வந்தபோது முதல் செட்டில் சேர்ந்தவர்களும், போன ஆண்டு படித்து முடித்தவர்களும் உட்கார்ந்து எழுதியது அந்த ஒரே கட்டடத்தில்தான். மற்றக் கட்டடங்கள் எல்லாம் ஒரு தலைமுறைக்குத் தெரிந்தால் இன்னொரு தலைமுறைக்குத் தெரியாது. எண்பது வயதுக்காரரும் பதினெட்டு வயதுக்காரரும் கைநீட்டி "நான் அந்த ஜன்னல் ஓரம்" என்று சொல்ல இந்தப் பள்ளியில் வேறு இடம் கிடையாது.

கூரை வேலை 2024 செப்டம்பருக்குள், மழைக்கு முன்னால், முடிந்தது. அது மெட்ராஸ் டெரஸ் வகை மட்டப்பா. தேக்குக் கட்டைகளின் மேல் செங்கலைச் சாய்வாகக் குத்தி அடுக்கிச் சுண்ணாம்புக் காரையில் பிடிக்கவைத்து, மேலே செங்கல் ஜல்லி போட்டு அடித்து, அதன்மேல் தட்டோடு பதித்த கூரை. பிரித்துப் பார்த்தபோது, நாங்கள் கணக்குப் போட்டிருந்ததைவிட இரண்டு உத்திரங்கள் கூடுதலாகச் செல்லரித்திருந்தன. தேக்குக்குத் தேக்கே போட்டோம். இதில் 1,20,000 கூடியது. இதை யாரும் கேள்வி கேட்கவில்லை.

தளம், கதவு ஜன்னல், மின்சார வேலை மூன்றும் மதிப்பீட்டுத் தொகைக்குள் முடிந்தன.

மீதி 3,35,000 சுவர்ப் பூச்சில் போனது. வருத்தங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

மூன்று ஒப்பந்தப்புள்ளிகள் வந்தன: 22,25,000, 20,50,000, 16,80,000. மிகக் குறைந்த தொகையைக் கேட்டவர் நம் பள்ளியிலேயே படித்தவர், 1994 செட். நம் பிள்ளை, குறைந்த விலை, இனி என்ன வேண்டும் என்று மகிழ்ந்து அவருக்கே கொடுத்தோம். ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் "உள்பூச்சும் வெளிப்பூச்சும் சுண்ணாம்பில்" என்று தெளிவாக இருக்கிறது. அவர் கையெழுத்தும் இருக்கிறது. கூரை வேலையை ஒரு குறையும் இல்லாமல் செய்தார். அதை இன்றும் சொல்வோம்.

2025 பொங்கல் விடுமுறையில் குழுவில் ஒருவரும் ஊரில் இல்லை. அது எங்கள் தவறு. திரும்பி வந்து பார்த்தால் தெற்குச் சுவர் முழுவதும், கிழக்குச் சுவர் பாதியும் சிமெண்டால் பூசி முடித்திருந்தார்கள். கேட்டபோது, சுண்ணாம்புக்கு ஆள் கிடைக்கவில்லை, சிமெண்ட் அதைவிட உறுதி, மேலே வெள்ளை அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்றார். செய்த வேலைக்கு 1,10,000 கொடுங்கள் என்றும் கேட்டார்.

குழுவில் பதினொரு பேரில் ஐந்து பேர் விட்டுவிடலாம் என்றார்கள். அவர்கள் வாதத்திலும் நியாயம் இருந்தது. பள்ளிக்கு வேண்டியது ஒழுகாத அறை, சுவரில் என்ன பூசியிருக்கிறது என்று எந்த மாணவனும் கேட்கப்போவதில்லை, நம்மோடு படித்தவனை ஏன் ஊரார் முன்னால் நிறுத்த வேண்டும் என்றார்கள். மற்ற ஆறு பேர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஆறில் நானும் ஒருவன்.

காரணம் இதுதான். அந்தச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டியது. அடித்தளத்தில் ஓதம் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. மழைக்காலத்தில் தரையின் ஈரம் சுவரில் ஏறும், வெயிலில் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறிவிடும். இத்தனை ஆண்டு அப்படித்தான் அந்தச் சுவர் நின்றது. மேலே சிமெண்டைப் பூசி அடைத்தால் ஏறிய ஈரம் வெளியே வர வழியில்லை. உள்ளேயே தங்கும், உப்புப் பூக்கும், பூச்சுக்குப் பின்னால் செங்கல் மாவாக உதிரும். வெளியே பார்த்தால் சுவர் அழகாக இருக்கும், உள்ளே கரைந்துகொண்டிருக்கும். பொதுப்பணித் துறையில் ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர் இதை வாயால் சொல்லி நிறுத்தவில்லை. பூசி மூன்று வாரம் கழித்து எங்களைக் கூட்டிப்போய்த் தெற்குச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்திருந்ததைக் காட்டினார். உளியால் ஓர் இடத்தில் தட்டிப் பெயர்த்தார். பின்னால் செங்கல் கைபட்டால் ஈரமாக இருந்தது. மழை விட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

விட்டுவிடலாம் என்ற ஐந்து பேரில் மூன்று பேர் அன்றே மனம் மாறினார்கள். உரித்துவிட்டுச் சுண்ணாம்பில் மறுபடி பூசுவது என்று 9க்கு 2 என்ற கணக்கில் தீர்மானம் ஆனது.

ஒப்பந்ததாரரோடு நான்கு முறை உட்கார்ந்து பேசினோம். கடைசியில் சிமெண்ட், மணலுக்கான 48,000 மட்டும் கொடுத்தோம், கூலி கொடுக்கவில்லை. அவர் மீதி வேலையிலிருந்து விலகிக்கொண்டார். உரிக்க 42,000 ஆனது. காரைக்குடிப் பக்கத்திலிருந்து சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் வந்தார்கள். மதிப்பீட்டில் 3,60,000 என்று இருந்த பூச்சு வேலை அவர்களிடம் 6,05,000 ஆனது. இங்கே கூடியது 2,45,000. 48,000, 42,000, 2,45,000 மூன்றையும் கூட்டினால் 3,35,000.

சுண்ணாம்புப் பூச்சு உள்ளூரில் 3,60,000க்கு நடக்காது என்பதை நாங்கள் ஒப்பந்தம் போடும்போதே விசாரித்திருக்க வேண்டும். மற்ற இருவரும் ஏன் அவ்வளவு கூடுதலாகக் கேட்டார்கள் என்று ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தக் குறைக்குக் குழு பொறுப்பு. ஆனால் உரித்துப் பூசியது வீண்செலவு என்பதை ஏற்க மாட்டோம். இன்னொரு முறை அதே சுவர் முன்னால் நிறுத்தினாலும் அதையே செய்வோம்.

காலதாமதத்துக்கு வருகிறேன். மார்ச்சிலும் ஏப்ரல் பாதி வரையிலும் பொதுத்தேர்வு. சாரம் கட்டும் சத்தம்கூட வேண்டாம் என்று தலைமை ஆசிரியை கேட்டார், நிறுத்தினோம். அந்த நாட்களை வீணாக்கவில்லை. சுட்ட சுண்ணாம்பைக் குழியில் நீர்விட்டுத் தாளித்து ஊறவைத்தோம். கடுக்காயும் வெல்லமும் தொட்டியில் ஊறின. கொத்தனார்கள் கோடையில் பூசினார்கள். வெயிலில் காய்ந்து வெடித்துவிடாமல் சித்தாள்கள் நாள் முழுக்கச் சாக்கை நனைத்து நனைத்துச் சுவரில் தொங்கவிட்டார்கள். அந்த ஆறு பெண்கள் இல்லாமல் அந்தச் சுவர் இல்லை.

அடுத்து நன்கொடை. 1985 செட் 2,25,000. 1992 செட் 3,10,000. பிளஸ் டூ முதல் செட் 1,80,000. ஒப்பந்ததாரரின் 1994 செட் 1,40,000. இது தகராறுக்கு முன்னால் தந்தது, தகராறுக்குப் பின் ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை, அந்தப் பெருந்தன்மையை இங்கே எழுதாமல் விட முடியாது. வளைகுடா நாடுகளில் இருப்பவர்கள் சேர்ந்து 2,60,000. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் 95,000. சிங்கப்பூரில் இருக்கும் 1999 செட் தம்பி ஒருவர் 1,50,000. அரிசி ஆலைக்காரர், ஜவுளிக்கடைக்காரர், மூன்று காவலர்கள், இரண்டு செவிலியர்கள், தபால்காரர், டீக்கடை அண்ணன், ஆட்டோ நிறுத்தத்து நண்பர்கள், கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த இடத்தில் உண்டியலில் போட்டதுபோல் கையில் வைத்துவிட்டுப் போனவர்கள் என்று சிறு தொகைகள் நிறைய. பள்ளியில் முப்பது ஆண்டு துப்புரவு வேலை பார்த்த அம்மா 50 ரூபாய் தந்தார். அதற்கும் ரசீது போட்டோம்.

ஒரு விளக்கம். கனடாவில் இருக்கும் அண்ணன் 3,00,000 தருவதாகச் சொன்னதை ஏன் வாங்கவில்லை என்று பலர் கேட்டீர்கள். அவர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டார். இந்திய வம்சாவளியினராக இருந்தாலும் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் தரும் பணம் 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி வெளிநாட்டு நிதி. அதற்கு உரிய பதிவு நம் சங்கத்துக்கு இல்லை. சிங்கப்பூர்த் தம்பியிடம் இந்தியப் பாஸ்போர்ட்தான் இருக்கிறது, அதனால் அவருடைய சேமிப்பிலிருந்து தந்ததை வாங்க முடிந்தது. கனடா அண்ணனுக்கு இதைச் சொன்னபோது சிறிது நேரம் பேசவில்லை. பிறகு நேரில் வந்து மூன்று நாள் சாரத்துக்குக் கீழே நின்று வேலை பார்த்தார். நன்கொடைக்கான 80ஜி வருமான வரிச் சலுகை பற்றியும் ஒன்று: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வரிச் சலுகை இல்லை. இதை முன்பே சுற்றறிக்கையில் சொன்னோம்.

கல்வெட்டில் தனிப்பெயர் இல்லாதது பலருக்கு மனக்குறை. ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பெயர், ஒரு லட்சத்துக்குப் பெரிய எழுத்து என்று போயிருந்தால் இன்னும் நாலைந்து லட்சம் வந்திருக்கும், எங்களுக்கும் தெரியும். ஆண்டுகளை மட்டும் பொறிப்பது என்று முடிவெடுத்தோம், இந்த அறிக்கையிலும் அதனால்தான் பெயர்கள் இல்லை. 1953 முதல் 2024 வரை 72 ஆண்டுகள். அந்த ஆண்டில் பள்ளியை விட்டவர் ஒருவராவது ஏதாவது தந்திருந்தால் அந்த ஆண்டு கல்லில் ஏறும். இதை அறிவித்தபோது எங்கள் பதிவேட்டில் 31 ஆண்டுகளுக்குத்தான் ஆள் இருந்தார்கள்.

பிறகு நடந்ததை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. நம்ம வருஷம் விட்டுப்போகக் கூடாது என்று ஒவ்வொருவரும் தன் வகுப்புத் தோழரைத் தேடிப் புறப்பட்டார்கள். பெண்களைக் கண்டுபிடிப்பதுதான் கடினமாக இருந்தது. கல்யாணமாகி ஊர் மாறி, இனிஷியல் மாறி, பழைய பெயரில் கேட்டால் புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தாய்வீட்டு முகவரியைப் பிடித்து, கோயில் கொடைக்கு வரும் நாளில் போய்ப் பார்த்தோம். 1969இல் படித்த ஒரு பாட்டி, நாங்கள் வாசலில் நின்று பள்ளியின் பெயரைச் சொன்னதும் உள்ளே போய்த் தன் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை எடுத்து வந்தார். ஐம்பது ஆண்டுக்கு மேல் அதைக் கேட்டு யாரும் அவர் வீட்டுப் படியேறியதில்லை என்றார். இன்று 72 ஆண்டுகளில் 70 கல்லில் இருக்கின்றன.

பூச்சு வேலை தேவைப்படாத வடக்கு அறை முதலில் தயாரானதால் மே மாதமே அதைப் பயன்படுத்தினோம். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குப் பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பம் போடவும், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்ததற்கான சான்று வாங்கி 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் கேட்கவும், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவித்தொகை பற்றிச் சொல்லவும் நம் உறுப்பினர்கள் ஆறு பேர் முறைவைத்து உட்கார்ந்தார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் 2024 மறுகட்டமைப்பின்போது முன்னாள் மாணவர்களுக்கு இடம் கிடைத்தது. அங்கே இருக்கும் நம்மவர்கள் இந்த ஏற்பாட்டை ஆண்டுதோறும் தொடர ஒப்புதல் வாங்கியிருக்கிறார்கள்.

திறப்பு நாளில் ஒப்பந்ததாரரும் வந்திருந்தார். அழைத்திருந்தோம். கூரையைப் பார்த்துக்கொண்டு பின்வரிசையில் நின்றார். அவரை முன்னால் கூட்டிவந்து கூரை இவர் வேலை என்று சொன்னோம்.

கையிருப்பு 75,000 ரூபாயை ஆண்டுதோறும் மட்டப்பாவின் நீர்வடியும் குழாய்களைச் சுத்தம் செய்யவும் வெள்ளை அடிக்கவும் தனிக்கணக்கில் வைக்கக் குழு பரிந்துரைக்கிறது, பொதுக்குழு தீர்மானிக்கட்டும். ரசீதுப் புத்தகங்கள், ஒப்பந்தம், மூன்று ஒப்பந்தப்புள்ளிகள், தீர்மானப் புத்தகம் எல்லாம் ஞாயிறு காலையில் அந்த வடக்கு அறையில் இருக்கும். எந்த உறுப்பினரும் வந்து பார்க்கலாம்.

கல்லில் 1957, 1961 இரண்டும் இன்னும் வெறுமையாக இருக்கின்றன. அந்த ஆண்டுகளில் பள்ளியை விட்டுப் போனவர்களில் ஒருவரை உங்கள் தெருவில், உறவில் தெரிந்தால் குழுவுக்குச் சொல்லுங்கள். நாங்கள் வீட்டுக்கே வருகிறோம். கல் தச்சரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

செயலாளர்,
திருப்பணிக் குழுவுக்காக